பட்டா பார்த்தாச்சு, இ.சி. பார்த்தாச்சு... தண்ணீரின் வில்லங்கத்தைப் பார்த்தீர்களா?

“சார், 2015 வெள்ளத்துலயே இங்க ஒரு சொட்டு தண்ணி நிக்கல சார்!”

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. புரோக்கர் சொல்வார், பில்டரின் சேல்ஸ் ஆள் சொல்வார், வீட்டு ஓனரும் சொல்வார். வேளச்சேரியில் சொன்னார்கள், முடிச்சூரில் சொன்னார்கள், மணப்பாக்கத்தில் சொன்னார்கள். எல்லா இடத்திலும் இதே வசனம் என்றால், 2015-ல் தண்ணீர் எங்கேதான் நின்றது?

தப்பு அவர்கள் பக்கம் மட்டும் இல்லை. நாம் என்ன கேட்கிறோம்? கார் பார்க்கிங் உண்டா, மெட்ரோ எவ்வளவு தூரம், எந்த பேங்க் லோன் தரும், மாதம் எவ்வளவு இ.எம்.ஐ. வரும். பட்டாவைப் பார்க்கிறோம். வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்கு எடுத்து வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். ஆனால், “மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வந்து எந்தப் பக்கம் போகும்?” என்ற கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை.

அந்தக் கேள்விக்கான பதில் நாம் ஏற்கெனவே படித்த பாடத்தில்தான் இருக்கிறது. வெள்ளச் சமவெளி, நீர்ப்பிடிப்புப் பகுதி, கழிமுகம், இடர், பேரிடர் என்று சோஷியல் சயின்ஸ் பரீட்சைக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்துபோன வார்த்தைகள். அவற்றை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம். இந்தத் தடவை ஃபெயில் ஆனால் போவது மார்க் இல்லை, இருபது வருட சம்பளம்.

பாடம் 1: ஆறு என்பது ஒரு கோடு இல்லை

மேப்பில் ஆற்றை நீலக் கோடாக வரைந்து பழகிவிட்டோம். அதனால் ஆறு என்றால் இரண்டு கரைக்கு நடுவே ஓடும் தண்ணீர் என்று மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் எந்த நிலத்தில் விழும் மழையெல்லாம் கடைசியில் அந்த ஆற்றுக்கு வந்து சேருமோ, அந்த நிலம் முழுவதும்தான் ஆறு. அதைத்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று படித்தோம்.

அடையாறையே எடுத்துக்கொள்வோம். நீளம் சுமார் 42 கிலோமீட்டர்தான். காவிரி மாதிரி மலையில் பிறந்து வருவதில்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் உபரிநீர்தான் அதன் தொடக்கம். வழியில் திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வந்து சேர்கிறது. பிறகு மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. வருடத்தில் பல மாதங்கள் அதில் ஓடுவது சாக்கடை. அதைப் பார்த்துவிட்டு ‘இதெல்லாம் ஒரு ஆறா?’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

ஆறு தன் கரையைத் தாண்டிப் பரவும் சமதளமான நிலத்துக்கு வெள்ளச் சமவெளி என்று பெயர். வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டல் படிந்து படிந்து உருவான நிலம் அது. அதாவது, அந்த இடத்தை உருவாக்கியதே ஆறுதான். பத்து வருடம் தண்ணீர் வராமல் இருந்தாலும் அது ஆற்றின் பாதைதான். அங்கே வீடு கட்டிவிட்டு “வீட்டுக்குள்ள வெள்ளம் வந்துடுச்சு” என்கிறோம். ஆற்றிடம் கேட்டால் கதையை வேறு மாதிரி சொல்லும்.

விமான நிலையத்தின் கதையும் இதுதான். அதன் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றுக்கு மேலே பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் 1 இரவு வெள்ளம் புகுந்து, சில நாள்கள் விமானங்களே இயங்கவில்லை. நாட்டின் பெரிய விமான நிலையங்களில் ஒன்றுக்கே அந்தப் பாடம் கிடைத்தது.

பாடம் 2: ஏரிகள் தனித்தனி இல்லை, ஒரு சங்கிலி

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ‘ஏரி மாவட்டம்’ என்பார்கள். அந்த ஏரிகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்த குட்டைகள் இல்லை. மேட்டில் இருக்கும் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாயில் ஓடி, அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. “ஏரி கோடி போகுது” என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கடைசி ஏரியின் உபரி ஆற்றுக்கோ சதுப்பு நிலத்துக்கோ போகும். அங்கிருந்து கடல்.

இந்தச் சங்கிலி இரண்டு வேலை செய்தது. மழைக்காலத்தில் வெள்ளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுத்து நிறுத்தியது. கோடையில் அதே தண்ணீரை வயலுக்கும் கிணற்றுக்கும் கொடுத்தது. பம்ப் இல்லாமல், கரன்ட் இல்லாமல், நிலத்தின் சரிவை மட்டும் நம்பி நடந்த ஏற்பாடு.

நாம் என்ன செய்தோம்? சில ஏரிகளை மூடி வீடு கட்டினோம். தி.நகர் உருவானதே 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியின் நிலத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது, லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கத்தில் ‘லேக் ஏரியா’ இருக்கிறது, வள்ளுவர் கோட்டம் இருக்கிறது, ஏரியைக் காணோம்.

ஏரியை விட்டுவைத்த இடங்களில் கால்வாயை மூடினோம். இது இன்னும் மோசம். ஏரி கண்ணுக்குத் தெரியும், கேட்க நாலு பேர் வருவார்கள். கலங்கலில் இருந்து அடுத்த ஏரிக்குப் போகும் பத்தடி வாய்க்கால் காணாமல்போனால் யாருக்கும் தெரியாது. முதல் பெரிய மழையில் தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இந்தச் சங்கிலியின் தெற்குக் கடைசி. சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை, பல ஏரிகள் வழியாக இங்கே வருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் கழிமுகம் என்று கடலுக்குப் போகிறது. 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகக் கணக்கிடப்படும் இந்தச் சதுப்பு நிலம், 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். மீதி இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? ஓ.எம்.ஆரில் உங்கள் ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள்.

பாடம் 3: ஒரு சின்னக் கணக்கு

“பத்து சென்டிமீட்டர் மழைதானே, அதுக்கேன் இவ்ளோ தண்ணி?” என்று தோன்றும். கணக்குப் போடுவோம்.

ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி. அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,000 லிட்டர் தண்ணீர். கிட்டத்தட்ட இரண்டு பெரிய தண்ணீர் லாரி. உங்கள் மனையில் மட்டும்!

ஒரு சதுர கிலோமீட்டருக்கு அதே 10 செ.மீ. என்றால் 10 கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நிரப்பினால் 8,300 லாரிக்கு மேல் வரும். 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. மழை. அந்த லாரிக் கணக்கை நீங்களே ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தத் தண்ணீர் மண்ணில் விழுந்தால் ஒரு பங்கு உள்ளே இறங்கும், ஒரு பங்கு பள்ளங்களில் தேங்கும், மீதி மெதுவாக ஓடும். சிமென்ட்டிலும் தாரிலும் விழுந்தால் பெரும்பகுதி உடனே ஓடும். மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் ஆற்றை முட்டும். மழை பெய்வதற்கும் ஆறு பொங்குவதற்கும் இடையே கிடைக்கும் நேரம்தான் நம்மைக் காப்பாற்றும் நேரம். கான்கிரீட் போடும் ஒவ்வொரு சதுர அடியும் அந்த நேரத்தைக் குறைக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மண்ணுக்குள் இறங்காத தண்ணீர் கோடையில் போரில் வராது. 2015-ல் மூழ்கிய இதே நகரத்தில்தான் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள். வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர் பிரச்னைகள் என்று நினைக்கிறோம். இரண்டும் ஒரே தப்பின் இரண்டு சீசன்கள்.

பாடம் 4: கடலும் சில நேரம் கதவைச் சாத்தும்

சென்னை ஏறக்குறைய தட்டையான ஊர். கடல் மட்டத்தில் இருந்து சராசரி உயரம் ஏழு மீட்டர்கூட இல்லை. சரிவு இல்லாத இடத்தில் தண்ணீர் அவசரப்படாது.

போதாததற்கு, வங்கக் கடலின் அலைகள் கரையோரமாகவே மணலை நகர்த்திக்கொண்டு போகின்றன. வருடத்தின் பெரும்பகுதியில் இந்த மணல் வடக்கு நோக்கிப் போகும். சென்னைத் துறைமுகம் கட்டியபோது அந்த மணல் தடுக்கப்பட்டு, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. இதே மணல்தான் கூவம், அடையாறு முகத்துவாரங்களில் திட்டாகச் சேர்கிறது. வாயை அடைத்துக்கொண்ட ஆற்றில் வெள்ளம் வந்தால் என்ன ஆகும்? தூர்வாரி மணலை எடுக்கிறார்கள், கடல் மறுபடி கொண்டுவந்து போடுகிறது.

புயல் கரைக்கு அருகில் வந்தால் இன்னொரு சிக்கல். காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளும். கடல் மட்டம் உயரும். ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்கிக்கொள்ளாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. டிசம்பர் 5-ம் தேதி ஆந்திராவின் பாபட்லா அருகேதான் கடந்தது. ஆனாலும் அதற்கு முன்பே பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் மூழ்கிவிட்டன. “புயல்தான் நம்ம ஊர் பக்கம் வரலையே” என்று நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

பாடம் 5: இடர் வேறு, பேரிடர் வேறு

பாடப்புத்தகத்தில் இரண்டு மார்க் கேள்வியாக வந்த வித்தியாசம் இது. ஆளில்லாத காட்டில் 50 செ.மீ. மழை பெய்தால் அது இயற்கை நிகழ்வு. மனிதர்கள் வாழும் இடத்தை அது அச்சுறுத்தினால் இடர். அது உயிரையும் உடைமையையும் கொண்டுபோனால் பேரிடர். மழையை நாம் உருவாக்குவதில்லை. பேரிடரில் நமக்குப் பெரிய பங்கு உண்டு.

2015 பற்றிப் பேசும்போதெல்லாம் விவாதம் ஒரே இடத்தில் போய் நிற்கும்: செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது, எவ்வளவு திறந்தார்கள்? ஒரு கட்டத்தில் 29,000 கன அடி, அதாவது நொடிக்கு சுமார் 8 லட்சம் லிட்டர் வெளியேற்றப்பட்டது. ஏரியை நிர்வகித்த விதத்தை, 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை கடுமையாக விமர்சித்தது. அந்தக் கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டியது.

ஆனால், மேப்பை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். அன்று மூழ்கிய முடிச்சூரும் வரதராஜபுரமும் எங்கே இருக்கின்றன? செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேரும் திருநீர்மலைக்கும் மேலே. ஷட்டரைத் திறக்காமலே இருந்திருந்தாலும் அந்த ஊர்களுக்கு வெள்ளம் வந்திருக்கும். ஆதனூர், மணிமங்கலம் பக்கம் பெய்த மழைக்கு வேறு வழி கிடையாது. ஒரு ஷட்டரையும் ஓர் அதிகாரியையும் குற்றவாளி ஆக்கிவிட்டால் நமக்கு மனசு ஆறிவிடுகிறது. நிலத்தைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

பாடம் 6: ‘நூறு வருஷத்துக்கு ஒரு தடவை’ என்றால் என்ன?

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் வரும் ஆறுதல் வார்த்தை இது. “இது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்ற மழை.” கேட்பவர் என்ன புரிந்துகொள்வார்? அடுத்தது நம் பேரன் காலத்தில் என்று.

அர்த்தம் அதுவல்ல. எந்த ஒரு வருடத்திலும் அப்படி ஒரு வெள்ளம் வர 100-ல் 1 வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அர்த்தம். போன வருடம் வந்தது என்பதற்காக இந்த வருடம் லீவு விடாது. தாயக்கட்டையில் ஒரு தடவை தாயம் விழுந்துவிட்டது என்பதற்காக அடுத்த உருட்டலில் விழாமல் இருக்குமா என்ன?

இப்போது இதை உங்கள் ஹோம் லோனோடு சேர்த்துப் பாருங்கள். வருடத்துக்கு 1 சதவீத வாய்ப்பு உள்ள வெள்ளம், 20 வருட லோன் காலத்தில் ஒரு முறையாவது வர 18 சதவீத வாய்ப்பு உண்டு. ‘ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை’ வெள்ளம் என்றால் அது 33 சதவீதம். அதாவது, கடைசி இ.எம்.ஐ. கட்டுவதற்குள் வீட்டுக்குள் தண்ணீர் வர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்றில் ஒரு பங்கு நஷ்ட வாய்ப்பு உள்ள ஷேரை 80 லட்சத்துக்கு, அதுவும் கடன் வாங்கி, வாங்குவீர்களா? ஆனால், வீட்டை வாங்குகிறோம். காரணம், அந்த எண்ணை யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

பாடம் 7: காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு?

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். உலகின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் 1.1 டிகிரி உயர்ந்துவிட்டது என்று ஐ.பி.சி.சி. 2021-ல் சொன்னது. 1901 முதல் 2018 வரை கடல் மட்டம் உலக சராசரியில் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கும் மழை, வடிய விடாத கடல் என்று இரண்டு பக்கமும் நெருக்குகிறது.

இதனால்தான் மேலே போட்ட 1 சதவீதக் கணக்குக்கே உத்தரவாதம் கிடையாது. அது பழைய மழையை வைத்துப் போட்ட கணக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அந்தப் பகுதியில் வருடம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ஒரு ரயிலே சிக்கி நின்றது. ‘வறண்ட மாவட்டம்’ என்று நாம் படித்த இடம் அது.

ஆனால், இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. 2015 சென்னை மழையை ஆராய்ந்த சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று, அந்தக் குறிப்பிட்ட மழையில் காலநிலை மாற்றத்தின் கையைத் தெளிவாகக் காட்ட முடியவில்லை என்றே சொன்னது. அதனால் காலநிலை மாற்றம் பொய் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதையே முழுக் காரணமாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

எனக்குப் பயம் அங்கேதான். ‘காலநிலை மாற்றம்’ என்பது இப்போது வசதியான வார்த்தை ஆகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் ஏரிக்குப் பட்டா கொடுத்தவர், லே-அவுட்டுக்கு அனுமதி கொடுத்தவர், கால்வாய் மேல் சுவர் எழுப்பியவர் எல்லாரும் தப்பித்துவிடலாம். பூமி சூடாவதைச் சென்னை தனியாக நிறுத்த முடியாது. கலங்கலை அடைக்காமல் இருக்க முடியும்.

“மூணு அடி ஏத்திட்டோம் சார்!”

சரி, சந்தை இதற்குக் கண்டுபிடித்திருக்கும் தீர்வு என்ன? மேடு ஆக்குவது. “ரோடு லெவல்ல இருந்து மூணு அடி ஏத்திருக்கோம், கவலையே படாதீங்க” என்பார்கள். உண்மைதான், அந்த வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால், அந்த மனையில் நின்றிருக்க வேண்டிய 22,000 லிட்டர் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்கு.

பக்கத்து வீட்டில் ரிட்டயர் ஆன வாத்தியார் இருப்பார். முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடு. அப்போது அதுவும் ரோட்டைவிட மேலேதான் இருந்தது. பிறகு பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் அரசே உத்தரவு போட்டது; அதற்குள் எத்தனையோ தெருக்களில் வாசற்படி பள்ளத்துக்குப் போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் மேடான ஃபிளாட்கள். நடுவில் வாத்தியார் வீடு குளம். ஆக, நாம் வெள்ளத்தைத் தடுக்கவில்லை, காசு இல்லாதவர் வீட்டுக்கு அட்ரஸ் மாற்றி அனுப்பியிருக்கிறோம்.

ஆற்றங்கரையிலும் இதே கதைதான். 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகள் ‘ஆக்கிரமிப்பு’ என்று அகற்றப்பட்டன. பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தில். ஒரு வெள்ளச் சமவெளியில் இருந்து எடுத்து இன்னொரு பள்ளத்தில் வைத்தோம். அதே ஆற்றின் ஓரத்தில் நிற்கும் பெரிய கட்டடங்களுக்குப் பெயர் மட்டும் ‘ரிவர் வியூ’. குடிசை என்றால் ஆக்கிரமிப்பு, பால்கனி வைத்துக் கட்டினால் வியூ!

அப்போ என்னதான் செய்வது?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.

முதலில் மனிதர்கள். சேல்ஸ் ஆளிடம் கேட்காதீர்கள். தெருமுனை அயர்ன் வண்டிக்காரர், டீக்கடைக்காரர், பால் போடுகிறவர், பழைய வீட்டுப் பாட்டி இவர்களிடம் கேளுங்கள். “தண்ணி நின்னுச்சா?” என்று கேட்காமல், “எதுவரைக்கும் நின்னுச்சு, எத்தனை நாள் நின்னுச்சு?” என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். காம்பவுண்டு சுவரில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா, தரைத்தள வீடுகளின் வாசலில் புதிதாகத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தச் சின்னச் சுவர் பொய் சொல்லாது.

இரண்டாவது, பெயர். தாங்கல் என்றால் சிறிய ஏரி. ஏரிக்கரைத் தெரு, மதகுத் தெரு, மடுவு என்றெல்லாம் வந்தால் அந்த வார்த்தை சும்மா வந்திருக்காது.

மூன்றாவது, படம். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இருபது வருடம் பின்னால் போங்கள். உங்கள் வருங்கால படுக்கையறை அப்போது பச்சையா, நீலமா என்று தெரிந்துவிடும். வருவாய்த் துறை ஆவணங்களில் அந்த சர்வே எண்ணும் சுற்றியுள்ள எண்களும் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பதையும் வக்கீலிடம் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து எண் ‘வாய்க்கால்’ என்று இருந்து, நேரில் அங்கே வாய்க்கால் இல்லை என்றால், தண்ணீர் உங்கள் வீட்டைத்தான் வாய்க்காலாக எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

இதெல்லாம் தனி ஆள் செய்யக்கூடியது. இதோடு நிறுத்திக்கொண்டால், விவரம் தெரிந்தவர் தப்பிப்பார், தெரியாதவர் மாட்டிக்கொள்வார். பள்ளத்து வீட்டை யாராவது ஒருவர் வாங்கத்தான் போகிறார். அவருக்கு விஷயம் தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால்தான் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கிறேன்.

ஒரு சொத்தின் மீது பத்து வருடத்துக்கு முன் வாங்கிய அடமானக் கடன்கூட இ.சி.யில் பதிவாகிறது. அதை மறைத்து விற்றால் வழக்கு. அதே சொத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நான்கு நாள் நின்றது எந்தத் தாளிலும் பதிவாவதில்லை. அதை மறைத்து விற்றால் அது பிசினஸ். இது மாற வேண்டும். எந்த வருடம், எந்தத் தெருவில், எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்ற விவரத்தைச் சர்வே எண் வாரியாக அரசு வெளியிட வேண்டும். படகு விட்ட தெருக்களும் நிவாரணம் கொடுத்த தெருக்களும் அரசுக்குத் தெரியாதவை அல்ல. பத்திரப் பதிவின்போது அந்த வரலாறும் வாங்குபவர் கைக்கு வர வேண்டும். புதிய அடுக்குமாடித் திட்டங்களுக்கு ரெரா பதிவில் இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

உடனே எதிர்ப்பு வரும். “நிலத்தோட விலை இறங்கிடும்” என்பார்கள். இறங்கட்டுமே. வெள்ளம் வரும் நிலத்துக்கு மேட்டு நிலத்தின் விலையை இத்தனை நாள் கொடுத்தது யார்? நீங்களும் நானும்தான். ஏற்கெனவே அங்கே வீடு வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. அவர்கள் தெருவுக்குத்தான் முதல் வடிகால், முதல் எச்சரிக்கை, முதல் இன்ஷூரன்ஸ் உதவி என்று அரசைக் கேட்கவும் அதே பதிவுதான் ஆதாரம். மறைத்து வைத்தால் அவர்களுக்கும் எதுவும் கிடைக்காது.

பரீட்சையில் ‘வெள்ளச் சமவெளி - குறிப்பு வரைக’ என்று கேட்டார்கள். நாலு வரி எழுதி இரண்டு மார்க் வாங்கினோம். இப்போது அந்தக் கேள்விக்கு மேலேயே படுக்கையறை கட்டி, இருபது வருடத் தவணையில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை புரோக்கர் “ஒரு சொட்டு தண்ணி நிக்கல சார்” என்று சொன்னால், சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

“இங்க நிக்கலன்னா, அப்போ எங்க போச்சுங்க?”